எண்ணும் எழுத்தும்: மாயா, அஸ்டெக் சாதனைகள் மதிப்பிடப்பட்ட முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மாயா, அஸ்டெக் நாகரிகங்களின் சாதனைகள் என இன்று பட்டியலிடப்படுபவை பெரும்பாலும் சுழியம், நாள்காட்டி, வானியல், கட்டடம் ஆகியனவே. இப்பட்டியல் அந்நாகரிகங்களின் இயல்பைக் காட்டுவதைவிட, அவற்றின் ஆவணங்கள் எந்த வரிசையில் வாசிக்கப்பட்டன என்பதையே மிகுதியாகக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மாயரின் எண்கள் 1880களில் வாசிக்கப்பட்டன. அவர்தம் எழுத்து வாசிக்கப்பட மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் உருவான மதிப்பீடே இன்றும் தமிழில் வழங்குகிறது. மாயர் பொறிப்புகள், நஹுவாட்டில் மொழி ஆவணங்கள் ஆகியவற்றை முன்வைத்து அம்மதிப்பீட்டை இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது.

திறவுச்சொற்கள்: மாயா எழுத்து, டிரெஸ்டன் சுவடி, கோபான், குனோரோசோவ், அஸ்டெக், நஹுவாட்டில், இணைச்சொல், மயன்

முன்னுரை

மாயா, அஸ்டெக் நாகரிகங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு பட்டியலின் வடிவத்தை ஏற்கின்றன. சுழியத்தைக் கண்டறிந்தனர், துல்லியமான நாள்காட்டி வகுத்தனர், படிக்கட்டுப் பிரமிடுகள் எழுப்பினர், ஏரியில் மிதக்கும் தோட்டங்கள் அமைத்தனர், நரபலியும் இட்டனர். இவ்வரிசையில் ஆள்பெயர் ஒன்றும் வருவதில்லை. எவர் எழுதினார், எந்த மொழியில் எழுதினார், எதற்காக எழுதினார் என்னும் வினாக்களும் எழுவதில்லை. இரு நாகரிகங்களும் ஒரே மூச்சில் பேசப்படுவதால் காலமும் மறைந்துவிடுகிறது. பலெங்கே நகரை ஆண்ட மாயா அரசன் பகால் 683இல் மறைந்தான். அவன் மாமல்லன் நரசிம்மவர்மனின் காலத்தவன். அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் 1521இல் வீழ்ந்தபோது விசயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆட்சி புரிந்துகொண்டிருந்தார். பல்லவரையும் விசயநகரத்தாரையும் ஒரே தொடரில் ‘அவர்கள்’ எனச் சுட்டி எழுதும் கட்டுரையை நம் ஆய்விதழ்கள் ஏற்கமாட்டா. தொலைவிலுள்ள நாகரிகங்கள் என்றதும் அக்கண்டிப்புத் தளர்ந்துவிடுகிறது.

பட்டியலில் இடம்பெறுபவை பொய்யல்ல. அவை ஏன் இடம்பெற்றன, எவை ஏன் விடுபட்டன என்பதே ஆய்வுக்குரிய வினா. இதற்கான விடை மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் மட்டும் கிடைப்பதன்று. டிரெஸ்டன் நூலகத்திலும் லெனின்கிராட் ஆய்வறையிலும் கிடைக்கிறது.

எண் முதலில் வாசிக்கப்பட்டது

ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட மாயர் சுவடிகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு. அத்திமரப் பட்டையால் ஆகிய தாளில் சுண்ணப்பூச்சிட்டு எழுதி, விசிறிபோல் மடிக்கப்பட்டவை அவை. அவற்றுள் சிறந்தது டிரெஸ்டன் சுவடி. அந்நகரின் நூலகராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் 1880களில் அதன் எண்முறையை விளக்கினார். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி வடிவம் சுழியம் என்பதும், இருபதின் அடுக்காக இடமதிப்பு ஏறுகிறது என்பதும், நாட்களை எண்ணும்போது மூன்றாம் இடம் மட்டும் 400க்கு மாறாக 360 ஆக நிற்கிறது என்பதும் தெளிவாயின. மொழி அறியாதவரும் எண்ணை அறியலாம் என்பதே இவ்வெற்றியின் அடிப்படை.

இச்சுவடியிலுள்ள வெள்ளிக்கோள் அட்டவணையே பட்டியல்களில் முதலிடம் பெறுவது. வெள்ளியின் சுழற்சி அதில் 584 நாட்களாகக் கொள்ளப்படுகிறது. உண்மைச் சராசரி 583.92. இத்தகைய 65 சுழற்சிகள் 37,960 நாட்களாகும். இவ்வெண் 365 நாள் ஆண்டில் 104 ஆண்டுகளுக்கும், 260 நாள் சடங்குச் சுற்றில் 146 சுற்றுகளுக்கும் மிகச்சரியாகப் பொருந்துகிறது. அவ்வளவு காலத்தில் சேரும் ஏறத்தாழ ஐந்து நாள் பிழையைத் திருத்துவதற்கான வழியும் அட்டவணையிலேயே உள்ளது. வியப்புக்குரியதே. எனினும் பட்டியலிடுவோர் கூறாத ஒன்று உண்டு. அட்டவணை ஒவ்வொரு சுழற்சியையும் 236, 90, 250, 8 என நான்காகப் பகுக்கிறது. வெள்ளி விடிவெள்ளியாகவும் மாலைவெள்ளியாகவும் தோன்றும் காலங்கள் உண்மையில் ஏறத்தாழச் சமமானவை. ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தவர்கள் இதனை அறியாதிருந்திருக்க இயலாது. அறிந்தே வேறு எண்களை எழுதினர் எனில், அவ்வட்டவணையின் நோக்கம் நோக்கீட்டுத் துல்லியம் மட்டுமன்று. ஒவ்வொரு பக்கத்திலும் வெள்ளித்தெய்வம் ஈட்டி எறிய, ஒருவர் வீழ்ந்து கிடக்கும் ஓவியம் உள்ளது. விடிவெள்ளி எழும் நாளில் எவருக்குக் கேடு என்பதைக் கூறும் நிமித்த நூல் அது. வானியலை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுதல், சோதிட ஏடொன்றிலிருந்து கணக்கை மட்டும் கிழித்தெடுத்தல் போன்றதாகும்.

சுழியம் பற்றிய கூற்றுக்கும் இத்தகைய திருத்தம் வேண்டும். நெடுங்கணக்கு எனப்படும் தொடர்நாள் எண்ணிக்கையின் மிகப் பழைய சான்றுகள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை. சியாப்பா தெ கோர்சோவில் கி.மு. 36க்கும், ட்ரெஸ் சபோடெஸில் கி.மு. 32க்கும் உரிய நாட்குறிப்புகள் கிடைத்துள்ளன. இரண்டு இடங்களும் மாயர் நிலத்துக்கு வெளியே உள்ளவை. சுழியக்குறியைத் தம் பொறிப்புகளில் நிலைநிறுத்தியவர் மாயர் எனலாம்; அதற்கு இடந்தந்த கணக்குமுறை முழுதும் அவருடையதே எனச் சொல்ல இயலாது.

எண் மட்டும் விளங்கி எழுத்து விளங்காத இக்காலத்தில்தான் ‘காலத்தை வழிபட்ட மாயர்’ என்னும் படிமம் உருவாயிற்று. அதனை நிலைநாட்டியவர் ஆங்கிலேய அறிஞர் எரிக் தாம்சன். 1950இல் வெளிவந்த அவரது பெருநூல், பொறிப்புகளில் நாட்களும் கோள்களும் தெய்வங்களுமே உள்ளன, தனிமனிதர் வரலாறு இல்லை என்ற கருத்தை முன்வைத்தது. நகரங்கள் வெறுமையான சடங்கு மையங்களாகவும், ஆள்வோர் வானம் நோக்கும் அமைதியான பூசகர்களாகவும் காட்சியளித்தனர். 1946இல் கண்டறியப்பட்ட பொனாம்பாக் சுவரோவியங்கள் போரையும், விரல்களில் குருதி வடியும் போர்க்கைதிகளையும் காட்டியபோதும் அப்படிமம் உடனே குலையவில்லை. தாம்சனைக் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. அவர் 1962இல் வகுத்த எழுத்துருப் பட்டியலின் எண்களையே இன்றும் ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். எழுத்துருக்களை இவ்வளவு நன்கறிந்த ஒருவரே அவை ஒலியைக் குறிக்கின்றன என்பதை இறுதிவரை மறுத்தார் என்பதுதான் இவ்வரலாற்றின் முரண்.

எரித்தவரே தந்த திறவுகோல்

யுகத்தானில் பணியாற்றிய பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாண்டா 1562 சூலை 12 அன்று மானி என்னும் ஊரில் மாயர் சுவடிகளைத் தீயிட்டார். இதற்காக ஸ்பெயினில் விசாரணைக்கு உள்ளான அவர், 1566ஆம் ஆண்டையொட்டி யுகத்தான் பற்றிய விரிவான நூல் ஒன்றை எழுதினார். மாயரின் ‘அகரவரிசை’ என அவர் கருதிய குறிகள் அதில் இடம்பெற்றன. பிராசர் தெ பூர்பூர் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1862இல் மத்ரித் நகரில் அதன் படியைக் கண்டெடுத்தார். அவ்வகரவரிசையை அப்படியே பொருத்தி மத்ரித் சுவடியின் ஒரு பகுதியைப் ‘படித்த’ அவருக்குக் கிடைத்தது கடல்கொண்ட கண்டத்தின் கதை. ‘மு’ என்னும் கற்பனைக் கண்டம் பிறந்தது இத்தவறான வாசிப்பிலிருந்தே. இதனால் லாண்டாவின் குறிகள் பயனற்றவை என அறிஞர் ஒதுக்கினர்.

1952இல் லெனின்கிராடைச் சேர்ந்த யூரி குனோரோசோவ் அவற்றை வேறுவிதமாகப் பார்த்தார். லாண்டா எழுத்தின் பெயரை ஸ்பானிய முறையில் உச்சரித்துக் கேட்டார். எழுதியவர் அவ்வொலிக்குரிய அசையை எழுதிக் காட்டினார். ஆகவே அது அகரவரிசையன்று, அசையெழுத்தின் ஒரு பகுதி. இதைச் சோதிக்கச் சுவடியிலுள்ள ஓவியங்கள் துணைநின்றன. வான்கோழி ஓவியத்தின் மேல் இரண்டு குறிகள் உள்ளன. முதற்குறி லாண்டா தந்த ‘கு’. யுகத்தான் மாயா மொழியில் வான்கோழி ‘குட்ஸ்’ ஆதலால் இரண்டாம் குறி ‘ட்சு’ ஆகவேண்டும். நாயின் ஓவியத்துக்கு மேலுள்ள சொல் அதே ‘ட்சு’ குறியில் தொடங்குகிறது. நாய்க்கு அம்மொழியில் ‘ட்சுல்’ என்று பெயர். ஒரு சொல்லில் ஊகித்த ஒலி மற்றொரு சொல்லில் தானே உறுதிப்படுவதுதான் இம்முறையின் வலிமை. ஈற்று உயிர் எழுதப்படும், ஒலிக்கப்படாது. தமிழ்-பிராமியின் சில கட்டங்களில் தனிமெய்யும் அகரமேறிய மெய்யும் குறி வேறுபாடின்றி எழுதப்பட்டதை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

குனோரோசோவ் கட்டுரையோடு வெளிவந்த முன்குறிப்பு மார்க்சிய-லெனினிய முறையின் வெற்றியாக அதைப் பறைசாற்றியது. தாம்சனின் மறுப்பில் ஆய்வு வேறுபாட்டோடு பனிப்போர்க் கால ஒவ்வாமையும் கலந்திருந்தது. போரின் இறுதியில் பெர்லினில் எரியும் நூலகத்திலிருந்து சுவடிப் பதிப்பைக் குனோரோசோவ் காப்பாற்றினார் என்ற கதை இன்றும் பரவிவருகிறது. அவரே பின்னர் அதை மறுத்துவிட்டார். எரித்தவருக்கு எதிராகக் காத்தவர் ஒருவர் வேண்டும் என்பது கதையின் தேவை. வரலாற்றில் திறவுகோலைத் தந்தவரும் எரித்தவரும் ஒருவரே.

எழுத்தின் ஒலி ஒருபுறம் விளங்க, பொருள் மறுபுறம் விளங்கியது. கட்டடக்கலை பயின்ற தத்தியானா புரோஸ்கூரியாகோஃப் பியெத்ராஸ் நெக்ராஸ் நகரின் கல்தூண்களை அவை நின்ற இடங்களின்படி தொகுத்தார். ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள நாட்களின் வீச்சு ஒரு மனித வாழ்நாளைத் தாண்டவில்லை. ஒரு குறி பிறப்பையும் மற்றொன்று அரசேற்றையும் சுட்டின. 1960இல் வெளியான அக்கட்டுரை எந்த எழுத்தையும் ஒலித்துக் காட்டவில்லை. ஆயினும் பூசகரின் வானியல் குறிப்புகள் எனப்பட்டவை அரசர் வரலாறு என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. தாம்சனும் அதை ஏற்றார். நீள் அங்கி அணிந்த பூசகர்கள் எனக் கருதப்பட்ட உருவங்கள் பல பெண்களுடையவை என்பதையும் அவரே அடுத்துக் காட்டினார். பட்டியல்களில் மாயர் பெண்கள் இல்லாமைக்கு, அவர்கள் பெண்கள் என்பதே நெடுங்காலம் அறியப்படாமையும் ஒரு காரணமாகும்.

1973 டிசம்பரில் பலெங்கேயில் நடந்த கூட்டத்தில் லிண்டா ஷீலே, பீட்டர் மாத்யூஸ், ஃபிளாய்டு லவுன்ஸ்பரி ஆகியோர் அந்நகரின் அரசர் வரிசையைச் சில மணி நேரத்தில் வகுத்தனர். 615இல் சிறுவனாக அரியணை ஏறி எண்பதாம் அகவையில் மறைந்த பகாலின் வாழ்வு அவ்வாறு எழுந்தது. அவன் புதைக்கப்பட்ட கோயிலின் பொறிப்பு, அவன் முடிசூடிய நாளின் நினைவைக் கி.பி. 4772 வரை முன்னோக்கிக் கணக்கிடுகிறது. 2012இல் உலகம் முடியும் என மாயர் கூறினர் என்று தமிழ் ஊடகங்களும் எழுதியபோது இச்செய்தி ஏற்கெனவே அச்சில் இருந்தது. அச்செய்திகளோடு ‘மாயா நாள்காட்டி’ என்று அச்சிடப்பட்ட வட்டக்கல், 1790இல் மெக்சிகோ நகரில் தோண்டியெடுக்கப்பட்ட அஸ்டெக் சூரியக்கல் என்பது அதனினும் வேடிக்கை.

ஓர் அரசனின் சாவு, இரண்டு வாசகங்கள்

எழுத்து வாசிக்கப்பட்டதால் விளைந்த மாற்றத்தை ஒரு சான்று கொண்டு நோக்கலாம். இன்றைய ஹோண்டுராசிலுள்ள கோபானின் பதின்மூன்றாம் அரசன் வஷக்லஹூன் உபாஹ் கவீல். அந்நகரின் மிகச்சிறந்த சிற்பத்தூண்கள் அவன் நிறுவியவை. அண்மையிலிருந்த கிரிகுவா கோபானுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசு. அதன் அரசன் கக் திலிவ் சான் யோபாட் கோபான் அரசனின் மேற்பார்வையில் அரியணை ஏறியவன். 738இல் அச்சிற்றரசனே தன் பேரரசனைப் பிடித்துக் கொன்றான்.

கிரிகுவாவின் பொறிப்புகள் இதனை ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றன. தலைவெட்டைக் குறிக்கும் வினையே அங்குப் பயில்கிறது. அதன்பின் அச்சிற்றூர் பெருநகரானது. 771இல் நிறுவப்பட்ட அதன் கல்தூண் 10.6 மீட்டர் உயரமுடையது. மாயர் நட்ட தூண்களுள் இதுவே மிகப்பெரியது. பேச ஒரு வெற்றி கிடைத்த அரசு, அதைப் பேசுவதற்குரிய கல்லையும் அவ்வளவில் தேடிக்கொண்டது.

கோபான் என்ன செய்தது? சில பத்தாண்டுகள் கழித்து, பதினைந்தாம் அரசன் காலத்தில், 2,000க்கும் மேற்பட்ட எழுத்துருக்கள் கொண்ட எழுத்துப் படிக்கட்டை விரிவாக்கி முடித்தது. மாயா மொழியில் கிடைக்கும் மிக நீண்ட பொறிப்பு இதுவே. அங்கும் பதின்மூன்றாம் அரசனின் சாவு இடம்பெறுகிறது. தலைவெட்டு என்ற சொல் மட்டும் இல்லை. அவன் மூச்சு நின்றதாகவும், அது ‘கல்லலகு, கேடயம்’ என்னும் இணைச்சொற்களின் சூழலில் நிகழ்ந்ததாகவும் சொல்லப்படுகிறது. கல்லலகும் கேடயமும் சேர்ந்து போரைக் குறிக்கும். கட்டுண்டு வெட்டுப்பட்டவன் கோபானின் வாசகத்தில் போர்க்களத்தில் பட்டவனாகிறான்.

இரு பொறிப்புகளும் ஒரே நிகழ்வைக் குறிப்பவை. ஒன்றையொன்று மறுப்பவையும் அல்ல. சொல்தேர்வே இங்கு அரசியல். மெய்க்கீர்த்திகளைப் பயின்ற நமக்கு வென்றவன் பாடும் முறை பழக்கமானது. தோற்றவன் தன் தோல்வியைக் கல்லில் எழுதும் முறை அரிது. அதனாலேயே கோபான் படிக்கட்டு தனித்த இலக்கிய மதிப்புடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தோல்வியை மறைக்காமல், அதை அந்நகரின் முன்னோர் வரிசைக்குள் மதிப்புடன் நிறுத்த அப்படிக்கட்டு முயல்கிறது. வருந்தத்தக்கது யாதெனில், சரிந்துகிடந்த படிகளில் பெரும்பாலானவை 1930களில் மீண்டும் அடுக்கப்பட்டபோது வாசகம் படிக்கத் தெரிந்தோர் எவரும் இல்லை. கீழ்ப்படிகள் தவிர ஏனையவை வரிசை மாறியே நிற்கின்றன. எண் மட்டும் தெரிந்த காலம் எழுத்துக்கு இழைத்த சேதத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாதனைப் பட்டியலில் கோபான் ‘பிரமிடுகளும் சிற்பங்களும் நிறைந்த நகர்’ என்ற ஒரு வரியில் அடங்கிவிடும். 2018இல் வெளியான லேசர் அளவீட்டு ஆய்வு பெத்தென் காடுகளில் 2,100 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் 60,000க்கும் மேற்பட்ட கட்டமைப்புகளைக் காட்டியபோதும் செய்திகள் எண்ணிக்கையையே கொண்டாடின. அளவு பெரிது, சிறப்பும் உண்டு. ஆயினும் அக்கட்டமைப்புகளில் எவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை லேசர் கூறாது.

எழுதுதல் என்னும் வினை

மாயர் மொழியில் எழுதுதல், தீட்டுதல் இரண்டுக்கும் ‘ட்சீப்’ என்னும் ஒரே சொல் வழங்கியது. அஸ்டெக்குகளின் நஹுவாட்டில் மொழியிலும் அவ்வாறே. ‘ட்லாகுயிலோ’ என்பவர் எழுத்தரும் ஓவியரும் ஆவார். சங்க இலக்கியத்தில் ஓவியம் ‘எழுத’ப்படுவதை அறிந்த தமிழாய்வாளர்க்கு இதற்கு உரை தேவையில்லை. மாயர் கலங்கள் பலவற்றில் ‘இது இன்னாரது எழுத்து’ என்னும் கையொப்பம் உண்டு. கையொப்பமிட்டோருள் அரச குடும்பத்தினரும் இருந்தனர்.

கலங்களின் விளிம்பைச் சுற்றியோடும் வாசகம் பெரும்பாலும் கலம் எவருடையது, அதில் என்ன பருகப்பட்டது என்பதைக் கூறுவது. குவாத்தமாலாவின் ரியோ அசுலில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த மூடியுள்ள கலத்தில் ‘க–க–வ’ என்னும் அசைகளை டேவிட் ஸ்டூவர்ட் வாசித்தார். ஈற்று உயிர் நீங்க, ‘ககவ்’. கொக்கோ என்பதே பொருள். உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்த வேதியியல் ஆய்வு 1990இல் வெளியானது. கொக்கோவுக்குரிய தியோபுரோமினும் கஃபீனும் அதில் இருந்தன. எழுத்து வாசிப்பு ஒன்று எழுத்துக்கு வெளியேயுள்ள சான்றால் இவ்வளவு நேரடியாக மெய்ப்பிக்கப்பட்டது அரிய நிகழ்வு. மொழி ஒன்றின் எந்தத் தொடரையும், அரசன் சாவையும் ஒரு கோப்பைப் பானத்தையும் ஒருங்கே எழுதவல்ல முறையே மாயரின் தலையாய சாதனை. பட்டியலில் அது கடைசியில், ‘சித்திர எழுத்துகளையும் பயன்படுத்தினர்’ என்ற அளவில் வருகிறது.

அஸ்டெக்: எழுத்து மாறியபின் பேசிய குரல்

அஸ்டெக் என்பதே பிற்காலத்தில் ஹம்போல்ட், பிரெஸ்காட் போன்றோரால் பரவிய பெயர். டெனோச்டிட்லானை 1325இல் நிறுவியோர் தம்மை மெஷிகா என்றே அழைத்தனர். அவர்தம் நீர் மேலாண்மை மெய்யாகவே பெரியது. சப்புல்டெபெக் ஊற்றிலிருந்து நகருக்கு வந்த நீர்வழிக்கு இரண்டு கால்கள். ஒன்றைத் துப்புரவு செய்யும்போது மற்றொன்று ஓடும். உவர்நீரைத் தடுக்க ஏரியின் குறுக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள கரை எழுப்பப்பட்டது. சினாம்பா எனப்படும் வயல்கள் ஆழமற்ற ஏரியில் சேறும் தழையும் அடுக்கி, ஓரங்களில் மரம் நட்டு உறுதிசெய்யப்பட்டவை, அவை மிதப்பதில்லை. ‘மிதக்கும் தோட்டம்’ என்பது பயணிகள் வழி வந்த சொல்லாட்சி. நம் பாடநூல்கள் அதை விடுவதாயில்லை.

அஸ்டெக் எழுத்து, மாயர் எழுத்தைப்போல் நீண்ட தொடர்களை எழுதப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. ஊர்ப்பெயர், ஆள்பெயர், நாள், திறைப்பொருள் ஆகியன எழுதப்பட்டன. அதனுள்ளும் ஒழுங்கான அசையெழுத்து உண்டு என அல்போன்சோ லகாதெனா 2008இல் வாதிட்டார். ஆயினும் நஹுவாட்டில் உரைநடை நமக்குப் பெருமளவில் கிடைப்பது ஸ்பானியர் வருகைக்குப் பிறகு, உரோமன் எழுத்து வழியாகத்தான். 1536இல் ட்லாடெலோல்கோவில் தொடங்கப்பட்ட கல்லூரியில் இலத்தீன் பயின்ற நஹுவா இளைஞர்கள் பெர்னார்தினோ தெ சாகுனுடன் பணியாற்றிப் பன்னிரண்டு நூல்கள் கொண்ட புளோரன்ஸ் சுவடியை 1577ஆம் ஆண்டையொட்டி நிறைவுசெய்தனர். அந்தோனியோ வலேரியானோ முதலிய அவ்விளைஞர்களின் பெயர்களைச் சாகுனே குறித்துள்ளார். நூலாசிரியர் என இன்றும் அவர் ஒருவரே சுட்டப்படுவது ஆய்வுலகின் பழைய வழக்கங்களுள் ஒன்று.

இத்தகைய ஆவணத்தை நேரடிக் குரல் எனக் கொள்ள இயலாது. வினாக்கள் துறவியுடையவை, விடைகள் தோற்ற தலைமுறையின் முதியோருடையவை, எழுதியவர் கிறித்தவக் கல்வி பெற்றோர். படையெடுப்பைக் கூறும் பன்னிரண்டாம் நூலில் ட்லாடெலோல்கோவினர் வீரராகவும் அண்டை டெனோச்டிட்லானினர் தளர்ந்தோராகவும் தோன்றுவதற்கு, எழுதியோர் எந்த ஊரார் என்பதே விளக்கம். கோர்த்தேசைத் திரும்பிவந்த தெய்வமாக மெஷிகர் கருதினர் என்ற புகழ்பெற்ற செய்தியும் படையெடுப்புக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் உருவான விளக்கம் எனக் கமில்லா டவுன்செண்ட் முதலியோர் காட்டியுள்ளனர். தமிழில் இச்செய்தி இன்னும் வரலாறாகவே வழங்குகிறது. வென்றோருக்கு அது எவ்வளவு வசதியான கதை என்பதை எண்ணிப்பார்த்திருந்தால் இவ்வளவு எளிதாக ஏற்றிருக்க மாட்டோம்.

நஹுவாட்டில் நடையின் தனிப்பண்பு இணைச்சொல். ‘பூவும் பாட்டும்’ என்றால் கவிதை. ‘கருமையும் செம்மையும்’ என்றால் எழுத்தும் அதன்வழி அறிவும். ‘நீரும் மலையும்’ என்றால் ஊர். கோபானின் ‘கல்லலகு, கேடயம்’ என்பதும் இவ்வகையே; மொழிக்குடும்பம் வேறாயினும் நடை பொது. உம்மைத்தொகை வழியும் அன்மொழி பிறக்கும் எனத் தொல்காப்பியம் வகுத்ததை இவ்விடத்தில் நினைக்கலாம். நஹுவாட்டிலில் சொற்கள் தொகாமலே நிற்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஒப்பிட்டு ஆராயத் தகுந்தவை. பிறப்புத் தொடர்பு எதையும் கற்பிக்காமல் செய்யக்கூடிய ஒப்பியல் ஆய்வுக்கு இது நல்ல களம்.

பாடல்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் தேவை. டெஸ்கோகோவின் அரசன் நெசவால்கோயோட்ல் பெயரில் வழங்கும் பாடல்கள் பதினாறாம் நூற்றாண்டின் தொகுப்புகளில் கிடைப்பவை. மிகேல் லெயோன்-போர்தில்யா அவரை மெய்யியல் கவிஞராக நிறுவினார். பலியை வெறுத்த ஞானி என்ற தோற்றமும் அவருக்கு உண்டு. அத்தோற்றம் கிறித்தவ முன்னோடி ஒருவரைத் தம் மரபில் தேடிய குடியேற்றக் கால வரலாற்றாசிரியர்களால் புனையப்பட்டது என ஜோங்சூ லீ 2008இல் வாதிட்டார். லீயின் வாதமே வலுவுடையது எனத் தோன்றுகிறது. பாடல்களின் சிறப்பு இதனால் குறையாது; ஆசிரியர் பெயர் மட்டுமே ஐயத்துக்குரியதாகிறது.

பலியைப் பற்றியும் கூறவேண்டும். 1487இல் பெருங்கோயில் திறப்பு விழாவில் 80,400 பேர் பலியிடப்பட்டனர் என்ற எண் ஏற்கத்தக்கதன்று. அதற்காகப் பலியே ஸ்பானியர் கட்டுக்கதை என்பதும் பொருந்தாது. 2015 முதல் மெக்சிகோ நகரின் நடுவே அகழப்பட்ட மண்டையோட்டுக் கோபுரத்தில் 600க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் உண்டு. சாதனையை ஒரு தட்டிலும் பலியை மறுதட்டிலும் வைத்து நிறுப்பது பட்டியலின் பழக்கம். நீர்வழியை வெட்டியவர்களும் அக்கோபுரத்தை அடுக்கியவர்களும் ஒரே அரசின் குடிகள். இரண்டையும் நடத்தியது ஒரே திறைமுறை.

மயனும் மாயரும்

தமிழ்ச்சூழலில் இப்பொருள் பேசப்படும்போது மயன் குறுக்கிடுவான். அசுரத்தச்சனாகிய மயனின் மரபே மாயர் எனவும், அவர்தம் கோயில்கள் வாஸ்து நூல்வழி அமைந்தவை எனவும் கூறும் எழுத்துகள் பல உள. சமன்லால் 1940இல் எழுதிய இந்து அமெரிக்கா பற்றிய நூல் இவ்வகை முயற்சிகளுக்கு முன்னோடி, சிற்பி வை. கணபதி ஸ்தபதியும் மயன் மரபை மாயர் கட்டடங்களோடு இணைத்துப் பேசினார். கட்டடத்தின் அளவு குறித்து ஒரு தேர்ந்த சிற்பியின் கண் காண்பதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. பெயர் ஒப்புமை அவ்வாறன்று. ‘மாயா’ என்னும் பெயர் யுகத்தானின் மாயப்பான் நகரோடு தொடர்புடையது. அந்நகர் சிறந்திருந்தது பதின்மூன்று முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை. பகாலோ கோபான் அரசனோ தம்மை மாயர் என அழைத்ததில்லை. தம் நகரின் பெயராலேயே அறியப்பட்டனர். ஒப்பிடுவதாயின் அவர்கள் பயன்படுத்தாத ஒரு பெயரோடு ஒப்பிடுகிறோம். பிராசர் தெ பூர்பூர் ‘மு’ கண்டத்தைக் கண்டறிந்ததும் ஏறத்தாழ இம்முறையில்தான்.

தமிழாய்வுக்கும் மாயர் எழுத்தாய்வுக்கும் உண்மையான தொடர்பு ஒன்றுண்டு; அது அதிகம் பேசப்படுவதில்லை. மாயர் எழுத்தைத் திறந்த குனோரோசோவே 1960களில் சிந்து எழுத்தை ஆராய்ந்த சோவியத் குழுவின் தலைமை அறிஞர். 1965 முதல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கைகள், கணினி வழியாகக் குறிகளின் வருகைமுறையை ஆராய்ந்து, அம்மொழியின் அமைப்பு திராவிட மொழிகளோடு பொருந்துகிறது என்றன. அம்முடிவை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே அறிஞர் தனிக்குறிகளுக்குத் தந்த வாசிப்புகள் பரவலாக ஏற்கப்படவில்லை என்பதை அவ்வளவு கூறுவதில்லை. மாயர் எழுத்தில் அவருக்கு நீண்ட வாசகங்கள் இருந்தன. பேசப்படும் மொழிகள் இருந்தன. லாண்டாவின் பிழைபட்ட பட்டியலும் வான்கோழி ஓவியமும் இருந்தன. சிந்து முத்திரையின் வாசகம் சராசரியாக ஐந்து குறிகளே கொண்டது. அங்கு ஒரு குறிக்கு ஊகித்த ஒலியை இன்னொரு சொல்லில் வைத்துச் சோதிக்க இடமில்லை. ‘க–க–வ’ என எழுதி உள்ளே கொக்கோவும் வைத்த கலம் போன்ற ஒன்று மொகஞ்சதாரோவிலிருந்து இன்னும் கிடைக்கவில்லை.